ஃபெயில் ஆன பில்ட் "முடிந்தது" என்று சொல்லும் இடங்கள்

கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் ஏழெட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் லேப்டாப்போடு வந்து உட்காருவார்கள். போன வாரம் ஒரு தம்பி, "அண்ணா, பில்ட் ஓடிடுச்சு, ஆனா நான் திருத்தினது மட்டும் வரவே இல்ல" என்றான். புரோகிராமைக் கட்டும் (பில்ட் செய்யும்) மேக் என்ற கருவிக்கான கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலைத் திறந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் எழுதிய அதே ஃபார் லூப்.

டேப்புக்குப் பதில் ஸ்பேஸ் போடுவதையெல்லாம் மேக்கே காட்டிக்கொடுத்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஃபார் லூப்பில் டைரக்டரிகளை ஓட்டுவது

ஒவ்வொரு டைரக்டரியாகப் போய் மேக்கை ஓட்டும் லூப்பின் எக்ஸிட் கோட் (சரியாக முடிந்ததா என்று சொல்லும் எண்; 0 என்றால் சரி), அதில் கடைசியாக ஓடிய கட்டளையுடையது. ஐந்து டைரக்டரியில் இரண்டாவது ஃபெயில் ஆகி, ஐந்தாவது நன்றாக முடிந்தால் ஷெல் 0 என்றே சொல்லும். மேலே உள்ள மேக் அதை நம்பும். இரண்டாவதில் நேற்றைய லைப்ரரி கிடந்தால், பாகங்களை இணைக்கும் லிங்கரும் அதையே எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி வந்திருக்கும், ஆனால் திரையில் எப்போதோ மேலே ஓடிப் போயிருக்கும்.

அப்போது நான் இருந்த இடத்தில் இப்படித்தான் பழைய லைப்ரரியோடு ரிலீஸ் போனது. இரண்டு ராத்திரி என் கோடையே சந்தேகப்பட்டு வரிவரியாகப் பார்த்தேன். மூன்றாம் நாள் கும்மிடிப்பூண்டி வண்டியில் வீடு திரும்பும்போதுதான் லாகை முதல் வரியிலிருந்து படிக்கத் தோன்றியது. அந்த இரண்டு ராத்திரியை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

லூப்புக்குள் "ஃபெயில் ஆனால் எக்ஸிட் 1" என்று சேர்க்கலாம். நிற்கும், சரி. ஆனால் எல்லாப் பிழைகளையும் ஒரே ஓட்டத்தில் பார்க்க மைனஸ் கே கொடுத்தாலும் முதல் பிழையிலேயே நின்றுவிடும். ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓட்ட மைனஸ் ஜே கொடுத்தாலும் டைரக்டரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும். அதனால் ஒவ்வொரு டைரக்டரியையும் ஒரு ஃபோனி டார்கெட் (ஃபைல் அல்லாத, பெயர் மட்டும் உள்ள இலக்கு) ஆக்குங்கள். மைனஸ் பெரிய சி கொடுத்து அங்கே மேக்கை ஓட்டும் ஒரே வரிதான் அதன் ரெசிபி, அதாவது அதற்காக ஓடும் கட்டளை. எது முடிந்தபின் எது என்பதை டிபெண்டன்சியாக எழுதிவிடுங்கள். லூப்பின் வரிசை தற்செயலாகக் காப்பாற்றிக்கொண்டிருந்ததெல்லாம் மைனஸ் ஜேயில் உடையும்.

உள்ளே வெறும் மேக் என்று எழுதுவது

டாலர் போட்ட மேக் வேரியபிளை, $(MAKE) என்று, எழுதுங்கள். இல்லாவிட்டால் மைனஸ் ஜேயின் வேலைகளைப் பங்கிடும் ஜாப்சர்வர் அறுந்துபோகும், கட்டளைகளை ஓட்டாமல் காட்ட மட்டும் செய்யும் மைனஸ் என் உள்ளே இறங்காது.

சிடிக்குப் பின் அரைப்புள்ளி

சிடி போக வேண்டிய டைரக்டரி இல்லையென்றாலும் அரைப்புள்ளி அடுத்த கட்டளையை ஓட்டிவிடும்; மேக் நின்ற இடத்திலேயே தன்னைத் திரும்பத் திரும்ப ஓட்டும். இரட்டை ஆம்பர்சண்ட் (&&) போடுங்கள், சிடி சரியானால்தான் அடுத்தது ஓடும்.

லாகுக்காக டீ கட்டளைக்கு பைப் செய்வது

டீ, வருவதைத் திரையிலும் ஃபைலிலும் எழுதும் கட்டளை. மேக்குக்கு வருவது டீயின் எக்ஸிட் கோட், பில்டினுடையது அல்ல. பாஷ் ஷெல்லில், பைப்பில் எது ஃபெயில் ஆனாலும் ஃபெயில் என்று சொல்லும் பைப்ஃபெயிலைப் போடுங்கள்.

வரிக்கு முன்னால் மைனஸ்

வேண்டாம். அது அந்த வரியின் பிழையைக் கண்டுகொள்ளாதே என்று மேக்கிடம் சொல்வது.

தம்பியின் லூப்பை எடுத்துவிட்டு ஃபோனி டார்கெட்டாக மாற்றி ஓட்டினோம். இரண்டாவது டைரக்டரியில், ஒரு ஹெடர் ஃபைல் இல்லை என்று பில்ட் நின்றது.