பெரிய மாடல் விமானமா? வோல்ட்டை ஏற்றுங்கள்
இரண்டு 6 செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிகளை இணையாகப் போடாமல் தொடராக இணைத்து, 12 செல்லுக்கான மோட்டாராக வாங்குங்கள். 2000 வாட்டுக்கு 22.2 வோல்ட்டில் சுமார் 90 ஆம்பியர் ஓடும், 44.4 வோல்ட்டில் 45 போதும். கரண்ட் பாதியானால் அதே ஒயரில் வீணாகும் சூடு கால்வாசிதான். சார்ஜ் போடும்போது பிரித்துவிடலாம், அதனால் கையிலிருக்கும் 6 செல் சார்ஜரே போதும். காசு மிச்சமாவது முக்கியமாக இங்கேதான்.

ஆனால் அதே புரொப்பெல்லருக்கு மோட்டாரின் கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்ற எண்) பாதியாக வேண்டும்: 6 செல்லில் 400 என்றால் இதில் 200. பழைய மோட்டாரை அப்படியே மாட்டினால் புகைதான் வரும். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சியும் 12 செல் தாங்க வேண்டும். அப்புறம், புதுசும் பழசுமாகப் பேட்டரிகளைச் சேர்க்கவே கூடாது. நலிந்தது முதலில் வடிந்து கெட்டுவிடும். சில நூறு வாட் எடுக்கும் சிறிய விமானத்துக்கு இதெல்லாம் வேண்டாம், 3 அல்லது 4 செல்லே சரி.