கடல்மீன் தொட்டியின் ரிட்டர்ன் பம்பை மாற்றுவது எப்படி

மீன்தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டும் தொட்டிதான் சம்ப். அதிலிருந்து தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றும் ரிட்டர்ன் பம்பைக் கழற்றி மாட்ட அரை மணி நேரம் போதும். வீட்டுத் தரையில் உப்புத்தண்ணீர் ஓடுவதெல்லாம் பெரும்பாலும் தவறான பம்பை வாங்கியதாலோ, மாட்டிய பிறகு ஒரு சோதனையைத் தவிர்த்ததாலோதான்.

பழையது உண்மையிலேயே செத்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். ஓட்டம் குறைந்து கரகரவென்று சத்தம் வந்தால் பெரும்பாலும் இம்பெல்லரில் (உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் விசிறி) சுண்ணாம்பு படிந்திருக்கும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் சரியாகிவிடும். செராமிக் தண்டு உடைந்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம். இம்பெல்லரின் காந்தம் வெடித்துத் துரு தெரிந்தால் அந்த இம்பெல்லரைத் தூக்கிப் போடுங்கள். துருவேறிய காந்தம் உப்பிப்போய் உள்ளேயே இறுகிக்கொள்ளும். வயரின் உறை வெடித்திருந்தால் மட்டும் யோசனையே வேண்டாம், பம்பையே மாற்றுங்கள்.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 'மணிக்கு இத்தனை லிட்டர்' என்பது உயரமே இல்லாமல் அளந்த கணக்கு. சம்ப் நீர்மட்டத்திலிருந்து மேல்தொட்டியில் தண்ணீர் விழும் முனை வரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். அது 1.3 மீட்டர் என்றால், அதிகபட்சம் 1.5 மீட்டர் ஏற்றும் பம்ப் சொட்டுச்சொட்டாகத்தான் தரும். 300 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 900 முதல் 1,500 லிட்டர் ஓட்டம் போதும். அந்த அளவு 1.3 மீட்டரில் கிடைக்கிறதா என்று பம்போடு வரும் வரைபடத்தில் பாருங்கள். 'இருக்கட்டுமே' என்று பெரிய பம்பாக வாங்குவது வீண் வேலை: தண்ணீரைச் சூடாக்கும், இறங்கும் குழாய் தாங்காவிட்டால் மேல்தொட்டி வழியும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தானா என்று பாருங்கள். மரையையும் கவனிக்க வேண்டும்: அமெரிக்க மரையும் நம் ஊர் பிவிசி மரையும் முக்கால் அங்குலத்தில் ஏறக்குறைய பொருந்திவிடும், ஒரு அங்குலத்தில் பொருந்தாது. இறுக்க இறுக்கப் பிளாஸ்டிக்தான் வெடிக்கும்.

பித்தளை இணைப்பு எதுவும் வேண்டாம். அதில் இருக்கும் செம்பு இறாலையும் பவளத்தையும் கொன்றுவிடும். ஸ்டீல் கிளிப்பும் உப்பில் துருப்பிடிக்கும், நைலான் கிளிப் வாங்குங்கள். பம்புக்கு மேலே ஒரு யூனியன் (கையால் திருகிக் கழற்றும் குழாய் இணைப்பு) வைத்துவிட்டால் அடுத்த தடவை குழாயை அறுக்க வேண்டியதில்லை. பிவிசி சிமென்ட் (குழாய் ஒட்டும் பசை) போட்டு ஒட்டும் வேலையை முந்தின நாளே முடித்துக் காயவிடுங்கள். 90 டிகிரி எல்போ ஒன்றுக்குப் பதில் 45 டிகிரி இரண்டு போட்டால் ஓட்டம் அதிகம் அடிபடாது.

புதுப் பம்பை வாளித் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். தண்ணீர் இல்லாமல் ஒரு கணம்கூட ஓட்டாதீர்கள். உள்ளே உராய்வைத் தணிப்பது தண்ணீர்தான்.

மாற்றும்போது ஹீட்டர், ஸ்கிம்மர் (நுரையாக அழுக்கைப் பிரிக்கும் கருவி), ஆட்டோ டாப்-ஆஃப் (ஆவியான அளவுக்கு நல்ல தண்ணீரைத் தானாக நிரப்பும் கருவி), பம்ப் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். ஹீட்டர் தண்ணீருக்கு வெளியே எரிந்தால் கண்ணாடி வெடிக்கும். டாப்-ஆஃப் ஓடிக்கொண்டிருந்தால் நீர்மட்டம் ஏறி இறங்கும் குழப்பத்தில் நல்ல தண்ணீரைக் கொட்டி உப்பின் அளவைக் குறைத்துவிடும். கை தண்ணீரில் இருக்கும்வரை மேல்தொட்டியில் தண்ணீரைச் சுழற்றிவிடும் வேவ்மேக்கரும் ஆஃப். கையை எடுத்ததும் அதைப் போட்டுவிடலாம், மீன்களுக்கு மூச்சு முட்டாது. பழைய பம்பைத் தூக்கும்போது குழாயில் நிற்கும் தண்ணீர் கொட்டும், துணியும் வாளியும் பக்கத்தில் இருக்கட்டும். புதியதை இறக்கியதும் லேசாகச் சாய்த்து உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றுங்கள். வயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கட்டும், வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) இல்லாத இணைப்பில் எதையும் மாட்டாதீர்கள்.

ஓட்டம் சீரானதும் வேண்டுமென்றே பம்பை நிறுத்துங்கள். கரண்ட் போகும்போது நடப்பது இதுதான்: முனை தண்ணீருக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவு தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டுச் சம்ப்புக்கு வரும். 120 × 50 செ.மீ. தொட்டியில் முனை 2 செ.மீ. கீழே இருந்தால் 12 லிட்டர், 5 செ.மீ. இருந்தால் 30 லிட்டர். 75 × 35 செ.மீ. சம்ப்பில் 30 லிட்டர் என்றால் மட்டம் 11 செ.மீ.க்கு மேல் ஏறும். அந்த இடம் இல்லையென்றால் முனையை உயர்த்துங்கள், அல்லது நீர்மட்டத்தை ஒட்டிக் கீழே குழாயில் 4 மி.மீ. துளை போடுங்கள், காற்று புகுந்து உறிஞ்சல் நின்றுவிடும். பாசி அடைக்கும், மாதம் ஒரு முறை குத்திவிட வேண்டும். தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் செக் வால்வை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு நத்தை மாட்டினாலே அது மூடாது.

இரண்டு பம்ப் வைப்பவர்கள் தனித்தனிக் குழாயில் ஏற்றுவதே நல்லது. ஒரே குழாயில் சேர்த்தால் ஒன்று நின்றபோது மற்றதன் தண்ணீர் நின்ற பம்பின் வழியே சம்ப்புக்கே திரும்பிவிடும். அங்கே செக் வால்வு இல்லாமல் முடியாது.

ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் ஏசி பம்பில் வெளியேறும் பக்கத்து வால்வைத் திருகுங்கள், உறிஞ்சும் பக்கத்தை ஒருபோதும் அடைக்காதீர்கள். டிசி பம்பில் கன்ட்ரோலரிலேயே குறைத்துக்கொள்ளலாம். அந்தக் கன்ட்ரோலரை உப்புச்சாரல் படாத உயரத்தில் மாட்டுங்கள். மறுநாள் இணைப்புகளைத் தடவிப் பாருங்கள். வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் அங்கே கசிகிறது என்று பொருள்.