பனையைக் கண்டதும் தியாகம் என்று எழுதிவிடாதீர்கள்

'தினைத்துணை நன்றி செயினும் பனைத்துணையாக் கொள்வர் பயன்தெரி வார்' (குறள் 104). இதில் பனை எதைக் குறிக்கிறது என்று தமிழ்த் தேர்வில் கேட்டால் நெல்லைச் சீமைப் பிள்ளைகளுக்குக் கை நிற்பதில்லை. பதநீர், நுங்கு, கருப்பட்டி, ஓலைப்பெட்டி என்று அரைப் பக்கம் ஓடி, 'ஆகவே பனை தியாகத்தின் குறியீடு' என்று முடிகிறது விடை. செம்மணல் தேரிக்காட்டில் பனையைப் பார்த்து வளர்ந்த கண் அப்படித்தான் போகும். ஆனால் இந்தக் குறளில் பனை வெறும் அளவு. தினை சிறிது, பனை பெரிது, அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் 433ஆம் குறளைப் பாருங்கள்: 'தினைத்துணையாங் குற்றம் வரினும் பனைத்துணையாக் கொள்வர் பழிநாணு வார்.' அதே பனை அங்கே குற்றத்தின் அளவாகிவிட்டது. ஒரு பொருளுக்கு வெளியே என்ன பெருமை இருந்தாலும், அந்த வரி அதை எதற்காக எடுத்தது என்பதைத்தான் விடையில் எழுத வேண்டும்.

குறியீட்டுக் கேள்வியில் பாதி மதிப்பெண் போவது வேறொரு இடத்தில். எட்டயபுரத்துப் பாரதியின் 'அக்கினிக் குஞ்சொன்று கண்டேன்' பாட்டுக்கு 'அக்கினிக் குஞ்சு என்பது விடுதலை வேட்கை' என்று ஒரே வரி எழுதி நிறுத்திவிடுகிறார்கள். தவறில்லை, ஆனால் குறை விடை. அந்தப் பாட்டில் குஞ்சு மட்டுமா இருக்கிறது? அதை வைத்த பொந்து இருக்கிறது, வெந்து தணிந்த காடு இருக்கிறது. குஞ்சு விடுதலை வேட்கை என்றால் காடு அடிமைத்தனம், பொந்து அந்த வேட்கை ஒளிந்திருக்கும் மனம். குஞ்சு ஞானம் என்று கொண்டால் காடு அறியாமையாகும். இரண்டும் ஏற்கத்தக்கவையே. பாட்டின் எந்த உறுப்பாவது நீங்கள் சொன்ன பொருளோடு ஒட்டாமல் நின்றால் மட்டும் அந்தப் பொருளைக் கைவிடுங்கள்.

சங்கப்பாட்டுக்கு வந்தால், முதலில் பார்க்க வேண்டியது கூற்று, அதாவது பாட்டில் பேசுவது யார் என்பது. குறுந்தொகை 8ஆம் பாட்டில் 'கழனி மாஅத்து விளைந்துஉகு தீம்பழம் பழன வாளை கதூஉம் ஊரன்' என்று வருகிறது. இதைத் தலைவி சொன்னதாக எடுத்துக்கொண்டு 'தலைவனை நினைத்து வருந்துகிறாள்' என்று எழுதினால் விடை முழுவதும் தலைகீழாகிவிடும். பேசுகிறவள் காதற்பரத்தை, தலைவன் மனைவியை விட்டு நாடிப் போன பெண். தலைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்டு, தலைவியைச் சேர்ந்தவர்கள் காதில் விழும்படி சொல்கிறாள்.

இனி காட்சி. வயக்காட்டு ஓரத்தில் மாமரம், பக்கத்திலேயே தண்ணீர். பழம் முற்றித் தானே உதிர்கிறது, வாளை மீன் கவ்விக்கொள்கிறது. தாமிரபரணிப் பாசனத்தில் வயலும் குளமும் ஒட்டிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மீன் மரமேறவில்லை. 'அவனை நான் வளைத்துப் பிடிக்கவில்லை, அவனாக வந்தான்' என்பது உள்ளுறை, அதாவது காட்சிக்குள் மறைத்து வைத்த பொருள். 'பழம் தலைவன், வாளை பரத்தை' என்று பெயர்களைப் பொருத்துவதோடு நின்றால் போதாது. 'உகு' (உதிரும்), 'கதூஉம்' (கவ்வும்) என்ற வினைகளையும் பொருத்திக் காட்ட வேண்டும், அங்கேதான் கருத்து இருக்கிறது. அதே பாட்டில் தலைவனைப் பற்றி 'ஆடிப் பாவை போல' (கண்ணாடியில் தெரியும் உருவம் போல) என்றும் வருகிறது. 'போல' வெளிப்படையாக நிற்பதால் அது உவமை. உள்ளுறையைக் கேட்ட கேள்விக்கு அதை எழுதாதீர்கள். உள்ளுறைக்கு நிலத்துக்குரிய மரம், விலங்கு, தெய்வம் போன்ற கருப்பொருள்தான் நிலைக்களம், அதிலும் தெய்வம் நீங்கலாக என்கிறது தொல்காப்பியம்.

அணி குழம்பினால் இப்படிப் பிரியுங்கள். உவமையும் பொருளும் 'போல' போன்ற உருபும் இருந்தால் உவமையணி. உருபு மட்டும் மறைந்திருந்தால் எடுத்துக்காட்டு உவமையணி. உவமையை மட்டும் சொல்லிப் பொருளை நம்மிடம் விட்டால் பிறிதுமொழிதல். 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' (குறள் 475: மயிலிறகு ஏற்றிய வண்டியும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும்) கடைசி வகை.

தொன்மம், அதாவது பழைய புராணக் கதை பற்றிய கேள்வியில் நடப்பது ஒரே தவறுதான், பழைய கதையை முழுக்கச் சொல்வது. கதை சொல்ல ஆரம்பித்தால் நம் ஊர்க்காரருக்கு நிறுத்த மனம் வராது. புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' சிறுகதை பற்றிக் கேட்டால், ராமன் கால் தூசி பட்டு அகலிகை கல்லிலிருந்து பெண்ணானாள் என்று மூலக்கதைக்கு ஒரு வாக்கியம் போதும். மீதி இடமெல்லாம் மாற்றத்துக்கு. சீதையைத் தீக்குளிக்க வைத்தவனும் அதே ராமன் என்று அறிந்த அகலிகை, கதை முடிவில் மறுபடி கல்லாகிறாள். முதல் கல் அவள் கணவரான கௌதம முனிவர் இட்ட சாபம். இரண்டாவது கல்லுக்குச் சபித்தவர் யாருமில்லை. இந்த வேறுபாட்டைக் கட்டாயம் எழுதுங்கள்.