ப்ராசஸர் கொதிக்கிறதா? சூடு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று முதலில் பாருங்கள்

கம்ப்யூட்டர் திடீரென்று அணைந்துபோகிறது, கேம் நடுவில் திணறுகிறது, ஃபேன் ஓயாமல் இரைகிறது என்றால் உடனே ப்ராசஸரைக் குளிர்விக்கும் புதுக் கூலர் வாங்க ஓடாதீர்கள். கோர் டெம்ப் மாதிரி ஓர் இலவச மென்பொருளைப் போட்டு டெம்பரேச்சரைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 30 முதல் 50 டிகிரி, கடுமையான வேலையில் 70, 80 என்று போவதெல்லாம் சாதாரணம். 95, 100-ஐத் தொடும்போதுதான் பெரும்பாலான ப்ராசஸர்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்படியும் அடங்காவிட்டால் அணைந்துவிடும். சும்மா இருக்கும்போதே கொதித்தால் டாஸ்க் மேனேஜரையும் ஒரு பார்வை பாருங்கள், ஏதோ ஒரு புரோகிராம் பின்னால் உட்கார்ந்து மொத்த ப்ராசஸரையும் தின்றுகொண்டிருக்கலாம்.

அப்புறம் ப்ராசஸருக்கு முழு வேலை கொடுத்துப் பார்க்கும் ஒரு ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டை ஓடவிடுங்கள். எத்தனை டிகிரி என்பதைவிட எப்படி ஏறுகிறது என்பதுதான் நிறையச் சொல்லும். ஆரம்பித்த ஓரிரு நொடியிலேயே 40-லிருந்து 95-க்குத் தாவினால் சூடு ஹீட்சிங்க்குக்கு, அதாவது கூலரில் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகத் தகடுகளுக்கு, சரியாகப் போய்ச் சேரவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பத்து இருபது நிமிடத்தில் மெல்ல மெல்ல ஏறினால் காற்றோட்டம் போதவில்லை.

காற்றோட்டத்தைச் சோதிப்பது சுலபம். கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு அதே டெஸ்ட்டை மறுபடி ஓட்டுங்கள், சூடு நன்றாக இறங்கினால் கோளாறு கேபினெட்டில்தான்: முன்பக்க ஃபேன் உள்ளே இழுக்கிறதா, பின்பக்க ஃபேன் வெளியே தள்ளுகிறதா என்று பாருங்கள், ஒன்றைத் திருப்பி மாட்டியிருப்பது நிறையவே நடக்கும். தூசியைத் துடைக்கும்போது பலர் ஃபேன் இறக்கைகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஃபேனைக் கழற்றிப் பாருங்கள், அதற்கு அடியில் ஹீட்சிங்க் தகடுகளின் வாயில் தூசி அடையடையாகப் படிந்து காற்றை முழுசாக மறித்துக்கொண்டிருக்கும். பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள்.

நொடியில் தாவுகிற கேஸ்தான் கொஞ்சம் வேலை வாங்கும். இன்டெல் பெட்டியோடு வரும் கூலர்களில் பலவற்றுக்கு நான்கு பிளாஸ்டிக் கால்கள் இருக்கும், அதில் ஒன்று சரியாக இறங்காவிட்டாலும் போச்சு, கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். மதர்போர்டின் பின்பக்கம் நான்கும் முழுசாக வெளியே வந்திருக்கின்றனவா என்று பாருங்கள், அழுத்தும்போது எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள். புதுக் கூலர் என்றால் அடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா? லிக்விட் கூலர் என்றால் பம்ப் ஓடுகிறதா என்று பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) அதன் ஆர்பிஎம் எண்ணை, அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதை, பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால், ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருக்கலாம். ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட் ரைசன் ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் இங்கே ரொம்பக் கவனமாக இருங்கள். கூலரை நேராக மேலே இழுத்தால் காய்ந்த பேஸ்ட்டோடு ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து அதன் அடியிலுள்ள மெல்லிய பின்கள் வளைந்துவிடலாம். சிறிது நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்துவிட்டு, கூலரை இப்படியும் அப்படியும் லேசாகத் திருகி இளக்கிய பிறகே தூக்குங்கள். பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு ப்ராசஸரின் நடுவில் பட்டாணி அளவு புதுசு வைத்தால் போதும், கூலரின் அழுத்தமே பரப்பிவிடும்.

இவ்வளவு செய்தும் குறையவில்லையா? பயாஸைத் திறங்கள். பல மதர்போர்டுகள் ப்ராசஸரின் பவர் லிமிட்டை, அதாவது அது இழுக்கக்கூடிய மின்சக்தியின் உச்சவரம்பை, தளர்த்தி வைத்தே வருகின்றன, அதை ப்ராசஸர் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குக் கொண்டுவந்தால் சூடு சட்டென்று இறங்கும், வேகத்தில் பெரும்பாலும் பெரிய இழப்பு தெரியாது. ரைசன் 7000 வரிசையின் எக்ஸ் மாடல்களோ முழு வேலையில் 95 டிகிரி வரை போவதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் கிளாக் வேகம் (ப்ராசஸர் ஓடும் வேகம்) தயாரிப்பாளர் குறிப்பிட்ட அடிப்படை அளவுக்குக் கீழே விழாதவரை அந்த 95-ஐப் பார்த்துப் பதற வேண்டாம்.