கைக்குழந்தையோடு கப்பல் பயணமா? சாப்பாட்டு விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கப்பலில் போகலாமா என்று மும்பையின் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் இளம் அம்மாக்கள் கேட்கும்போது, தாராளமாகப் போகலாம் என்றுதான் சொல்கிறேன். மும்பையில் ஏறி கோவாவையோ லட்சத்தீவையோ பார்த்துவிட்டுச் சில நாளில் திரும்பிவிடலாம். படுக்கை, குளியலறை எல்லாம் கூடவே வரும். ஆனால் குழந்தையின் சாப்பாட்டை மட்டும், ‘அங்கேதான் பஃபே இருக்கிறதே, பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடக்கூடாது. கப்பலில் உங்களுக்கென்று அடுப்பு கிடையாது. கீழே இறங்கி வாங்கிவர மருந்துக்கடை கிடையாது. குழந்தை என்ன சாப்பிடும், அதை யார் செய்வார்கள், எந்தத் தண்ணீரில் கரைப்பீர்கள் என்பதெல்லாம் கரையிலேயே முடிவாகியிருக்க வேண்டும்.

முதலில் வயது. பல கப்பல் நிறுவனங்கள் 6 மாதம் நிறையாத குழந்தையை ஏற்றுவதில்லை. பல நாள் கரையே தொடாத நீண்ட பயணம் என்றால் 12 மாதம் ஆகியிருக்க வேண்டும் என்பார்கள். கப்பல் கிளம்பும் நாளில் என்ன வயது என்பதுதான் கணக்கு. விதி அனுமதித்தாலும், இப்போதுதான் முதல் கஞ்சியை நக்க ஆரம்பித்திருக்கும் குழந்தை என்றால் இரண்டு மாதம் தள்ளிப்போடுங்கள். எட்டு மாதத்தில் நான்கைந்து உணவுகள் பழகியிருக்கும், உங்களுக்கும் கை பழகியிருக்கும்.

நான் பார்த்தவரையில் மிகப் பெரிய தவறு, ‘டூர் போகிறோமே’ என்று தாய்ப்பாலை நிறுத்துவது. நாலு பேர் நடுவில் எப்படிக் கொடுப்பது என்ற கூச்சம் ஒரு காரணம், புட்டிப்பால் என்றால் அப்பாவும் கொடுக்கலாமே என்ற எண்ணம் இன்னொரு காரணம். கடலுக்கு நடுவில் தாய்ப்பாலைவிட வசதியானது வேறில்லை. அதற்குத் தண்ணீர் கொதிக்க வேண்டாம், புட்டி கழுவ வேண்டாம், கெட்டுப்போகுமோ என்ற பயமும் வேண்டாம். புது இடத்தில் தூங்க மறுத்து அழும் குழந்தை மார்பில் சேர்ந்தால்தான் அடங்கும். திடீரென்று நிறுத்தினால் பால் கட்டிக்கொண்டு அம்மாவுக்குக் காய்ச்சலே வந்துவிடலாம். உலக சுகாதார நிறுவனம் இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் தொடரச் சொல்கிறது. ஒரு வாரச் சுற்றுலாவுக்காக அதை விடாதீர்கள். கூச்சம் என்றால் ஒரு துப்பட்டா போதும், இல்லையென்றால் கேபினுக்குப் போய்விடலாம். ஆனால் அம்மா தண்ணீர் குடிக்க மறக்கக்கூடாது. வெயிலும் உப்புக்காற்றும் சேர்ந்து நாம் நினைப்பதைவிட அதிகமாக வாட்டும்.

பம்ப் செய்து சேமிப்பவர்கள் கேபினில் இருக்கும் குட்டி ஃபிரிட்ஜை நம்பக்கூடாது. அது கூல்டிரிங்ஸை ஜில்லென்று வைக்கும், பாலைக் காக்கும் அளவுக்குக் குளிரும் என்று சொல்ல முடியாது. எடுத்த பால் 25 டிகிரிவரையான அறை வெப்பத்தில் 4 மணி நேரம் தாங்கும். சரியான ஃபிரிட்ஜில் 4 நாள், ஐஸ் பேக் வைத்த கூலர் பையில் 24 மணி நேரம். மும்பை வெயிலில் வரிசையில் நிற்கும்போது அந்த 4 மணி நேரக் கணக்கு செல்லாது. மருந்து வைக்கும் ஃபிரிட்ஜ் கேபினுக்குத் தர முடியுமா என்று புக் செய்யும்போதே எழுத்தில் கேளுங்கள்.

பவுடர் பால் கொடுப்பவர்கள் தண்ணீரில்தான் சறுக்குகிறார்கள். பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல, அதிலேயே கிருமி இருக்கலாம். அதனால்தான் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கரைக்கச் சொல்கிறார்கள். பஃபேயில் டீக்கு வைத்திருக்கும் வெந்நீரைக் கப்பில் பிடித்து, லிஃப்டுக்குக் காத்திருந்து, கேபினுக்கு வந்து கரைத்தால் அந்தச் சூடு இருக்காது. நல்ல ஃபிளாஸ்க் ஒன்றைக் கொண்டுபோய், கொதித்த தண்ணீராகவே ஊற்றித் தரச் சொல்லுங்கள். முதலில் தண்ணீரை அளந்து, பிறகு டப்பாவில் சொன்ன அளவுக்குக் கரண்டியைத் தட்டையாக வழித்துப் போடுங்கள். மூடிய புட்டியைக் குழாய்த் தண்ணீரில் காட்டி ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். கரைத்ததை 2 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், குடித்து மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். பவுடர் தீர்ந்துவிடுமோ என்று நீர்க்கக் கரைக்கவே கூடாது. கணக்கிட்டதைவிட ஒன்றிரண்டு நாளுக்கு அதிகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிராண்ட் கப்பல் கடையில் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நம் வீடுகளில் மட்டும் நடக்கும் தவறு. மாட்டுங்கா கடையில் நேந்திரங்காய்ப் பொடியும், வீட்டில் முளைகட்டி அரைத்த கேழ்வரகு மாவும் டப்பா டப்பாவாகப் பெட்டியில் ஏறிவிடும். இரண்டையும் அடுப்பில் வைத்துக் கிண்டி வேகவைக்க வேண்டும். வெந்நீர் ஊற்றிக் கலக்கினால் மாவு பச்சையாகத்தான் இருக்கும், குழந்தைக்கு வயிறு உப்பிக்கொள்ளும். கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு, வெந்நீர்க் கம்பி எல்லாம் கப்பலில் தீ பயத்தால் தடை, ஸ்கேனிங்கிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். பாட்டில் வார்மருக்கும் ஸ்டெரிலைசருக்கும் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். வீட்டில் சமைத்த உணவையும் பல கப்பல்களில் விடமாட்டார்கள். சீல் பிரிக்காத குழந்தை உணவை விடுவார்கள். அதனால் வெந்நீரில் கரையும் இன்ஸ்டன்ட் சீரியல் பாக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு, கிளம்புவதற்கு முன்பே வீட்டில் கொடுத்துப் பழக்கிவிடுங்கள்.

மற்றபடி இந்தியக் கப்பல்களின் பஃபேயில் குழந்தைக்கு ஆகிற பொருள் நிறையவே உண்டு: வாழைப்பழம், தயிர், வெறும் சாதம், வேகவைத்த உருளை. தவறு எங்கே நடக்கிறதென்றால், தாளித்த பருப்பிலிருந்து மேலே தெளிந்ததை எடுத்துச் சாதத்தில் பிசைவதில். பெரியவர்களுக்குப் போட்ட உப்பும் மிளகாயும் அந்தத் தெளிவில்தான் இருக்கின்றன. ஒரு வயதுவரை உப்பும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். சிலர் ‘ஜெயின் உணவு கேட்டால் காரமில்லாமல் இருக்கும்’ என்று நினைக்கிறார்கள். அதில் வெங்காயம், பூண்டு, கிழங்கு வகை இருக்காதே தவிர உப்பும் மிளகாயும் இருக்கும். குழந்தைக்கு வேண்டிய உருளையும் கேரட்டும்தான் இல்லாமல் போகும். முதல் நாள் இரவே உணவகத்தின் தலைமைப் பணியாளரைப் பார்த்து, “பச்சே கே லியே தால், பினா நமக், பினா தட்கா” (குழந்தைக்குப் பருப்பு, உப்பில்லாமல், தாளிக்காமல்) என்று நேரத்தோடு சொல்லிவிடுங்கள். தாளிப்பதற்கு முன் ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைப்பது சமையலறைக்குச் சிரமமே இல்லை. காய்கறியை வேகவைத்து மசித்தும் தருவார்கள். தட்டில் முழு திராட்சை, பாப்கார்ன், முந்திரி கிடந்தால் குழந்தையின் கைக்கு எட்டவிடாதீர்கள். தொண்டையில் சிக்கக்கூடியவை அவை.

புது உணவைக் கப்பலில் தொடங்காதீர்கள். முட்டை, மீன், இறால், வேர்க்கடலை இவற்றில் எதற்காவது ஒவ்வாமை இருந்தால், உதடு வீங்குவதும் மூச்சு இழுப்பதும் சில நிமிடங்களில் நடந்துவிடும். கப்பலில் மருத்துவர் இருப்பார், ஆனால் குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்காது. கூட வரும் பாட்டி இருமலுக்குத் தேன் தடவ நினைத்தாலும், “அம்மா, ஒரு வயசு ஆகட்டும்மா” என்று தடுத்துவிடுங்கள். தேனில் இருக்கக்கூடிய, பாட்டுலிசம் என்ற ஆபத்தான நோயைத் தரும் கிருமியை அந்த வயதுக் குடலால் சமாளிக்க முடியாது.

பெட்டிகளைத் துறைமுகத்தில் வாங்கிக்கொண்டு, கேபின் வாசலுக்குச் சில மணி நேரம் கழித்துத்தான் கொண்டுவருவார்கள். இறங்குவதற்கு முந்தைய இரவும் அவற்றை வெளியே வைத்துவிடச் சொல்வார்கள். ஆகவே பால் பவுடர், ஃபிளாஸ்க், ஸ்பூன், இரண்டு வேளை உணவு எல்லாம் தோளில் மாட்டும் பையில் இருக்க வேண்டும். லட்சத்தீவில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்காது, சிறிய படகுக்கு மாறித் தீவுக்குப் போக வேண்டும். நினைத்த நேரத்தில் திரும்ப முடியாது என்பதால் அங்கும் அதே பை கூட வரட்டும்.

புட்டி கழுவக் குளியலறை வாஷ்பேசினையே பயன்படுத்தாமல், ஒரு சிறிய பிளாஸ்டிக் பேசினும் தனி பிரஷ்ஷும் கொண்டுபோங்கள். குளிர்ந்த நீரில் போடும் ஸ்டெரிலைசிங் மாத்திரை இருந்தால் மின்சாரமே தேவையில்லை. பால் புகட்டும் மூக்கு வைத்த குட்டிக் கிண்ணமான நம் பாலாடை இதற்கு இன்னும் நல்ல வழி. எவர்சில்வர் பாலாடையில் மூலைமுடுக்கு இல்லை, சோப்பு போட்டுத் தேய்த்துக் கொதிநீர் ஊற்றினால் முடிந்தது. குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, கீழுதட்டில் நுனியை வைத்து, அதுவாக உறிஞ்சவிடுங்கள். வாய்க்குள் கொட்டக்கூடாது. உங்கள் கைகளையும் சோப்பால் கழுவுங்கள். கப்பல்களில் வாந்திபேதியைப் பரப்பும் நோரோவைரஸுக்கு வாசலில் வைத்திருக்கும் சானிடைசர் போதாது.

இரண்டு வயதுக்குக் கீழ் கடல் மயக்கம் பெரும்பாலும் குழந்தையைத் தொடாது, அம்மாவைத்தான் படுத்தும். கைப்பையில் இருக்கும் அவோமின் என்ற வாந்தித் தடுப்பு மாத்திரையில் கொஞ்சம் கிள்ளிக் குழந்தைக்கும் கொடுப்பவர்கள் உண்டு. அதிலிருக்கும் புரோமெதசின் இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு மூச்சையே மந்தமாக்கிவிடும், கூடவே கூடாது. பால் கொடுக்கும் அம்மா தனக்கான மாத்திரையையும் மருத்துவரிடம் கேட்டே வாங்க வேண்டும்.

புது இடத்தில் குழந்தை ஒன்றிரண்டு நாள் குறைவாகச் சாப்பிட்டால் திணிக்காதீர்கள், பால் குடித்தால் போதும். ஆறு மணி நேரமாக டயபர் நனையவில்லை, வாய் உலர்ந்திருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை என்றால் காத்திராமல் கப்பல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். பேதி என்றால் ஓஆர்எஸ் பொடி கையில் இருக்கட்டும். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டைக் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் ‘கொஞ்சமாக’ப் போட்டால் உப்பு கூடிப்போகலாம். அட்டைப்பெட்டியில் ஓஆர்எஸ் என்ற பெயரில் விற்ற இனிப்புப் பானங்கள் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. வீட்டில் பழைய பெட்டி கிடந்தால் அதைக் கொண்டுபோகாதீர்கள். கரைத்ததை ஒரு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி தொடங்குங்கள். இடையில் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.