ஓப்பன்-பேக் ஹெட்போனைக் கேட்டு மதிப்பிடுவதும் எழுதுவதும்: ஒரு வழிகாட்டி

சென்ஹைசர் எச்டி 650 ஹெட்போனை ஒருவர் இதமான ஒலி கொண்டது என்று எழுதுகிறார்; அதே மாடல் போர்வை போர்த்தியதுபோல மந்தமாக ஒலிக்கிறது என்கிறார் இன்னொருவர். இருவரில் ஒருவர் தவறாகக் கேட்டிருக்க வேண்டும் என்பதில்லை. முதலாமவர் குறைந்த வெளியீட்டு மின்மறுப்பு (மின்னோட்டத்துக்கு அதன் வெளியீட்டு முனை காட்டும் தடை) உள்ள ஆம்ப்ளிபையரில், புது இயர்பேட்டுடன் (காதைச் சுற்றி அமரும் மெத்தை), அமைதியான அறையில் நிதானமாகக் கேட்டிருக்கலாம். மற்றவர் ட்ரெபிள் (உயர் அதிர்வெண் பகுதி) தூக்கலான வேறொரு ஹெட்போனைக் கழற்றி வைத்த கையோடு, நைந்த பேட் உள்ள ஜோடியை மாட்டியிருக்கலாம். கேட்ட நிலைமையைச் சொல்லாமல் முடிவை மட்டும் சொல்வதால்தான் ஹெட்போன் மதிப்புரைகளில் பெரும்பாலானவை படிப்பவருக்குப் பயன்படாமல் போகின்றன. எது ஹெட்போனின் குணம், எது அது தலையில் உட்கார்ந்த விதம், எது ஆம்ப்ளிபையரின் வேலை, எது வெறும் ஒலியளவின் விளைவு என்று பிரித்துக் கேட்பதற்கான வழிமுறையை இங்கே சொல்கிறேன்.

முதலில் அறை. ஓப்பன்-பேக் ஹெட்போனில், ஒலியை எழுப்பும் பகுதியான டிரைவருக்குப் பின்னால் மூடிய கிண்ணம் இல்லை. சவ்வின் பின்புறத்திலிருந்து எழும் ஒலி உள்ளேயே மோதித் திரும்பாமல் வலை வழியாக வெளியேறிவிடுகிறது. 1968இல் சென்ஹைசர் வெளியிட்ட எச்டி 414, இந்த வகையின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. ஒலி தலைக்குள் அடைபடாமல் காற்றோட்டமாக இருப்பதாகத் தோன்றுவதற்கு இந்த அமைப்பே காரணம். ஆனால் உள்ளிருப்பது வெளியே போகிற அதே வழியில் வெளியிலிருப்பதும் உள்ளே வரும். மின்விசிறி ஓடும் அறையில் ஒரு குரல் ஓய்ந்தபின் மிஞ்சும் எதிரொலியின் வால்பகுதி காதுக்கு எட்டாது. பேஸ் எனும் தாழ் அதிர்வெண் ஒலியின் அடிப்பகுதியும் விசிறியின் இரைச்சலில் கரைந்துபோகும். விசிறியை நிறுத்த முடியாவிட்டால், குரலின் தன்மையைப் பற்றி எழுதலாம். நுண்விவரம் பற்றி எழுதாமல் விடுவதே நேர்மை.

அடுத்து, ஹெட்போன் தலையில் உட்காரும் விதம். இதற்குப் பலர் கொடுக்கும் கவனம் மிகக் குறைவு. ஆனால் கேபிளை மாற்றிக் கேட்பதில் செலவாகும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கை இதில் செலவிட்டாலே குழப்பம் பாதி தீர்ந்துவிடும். கப்பை அரை சென்டிமீட்டர் முன்னோ பின்னோ நகர்த்திப் பாருங்கள்: 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள பகுதி தெளிவாக மாறும், ஏனெனில் அந்த அதிர்வெண்களில் காதுமடலின் மேடுபள்ளங்களே ஒலியை வடிவமைக்கின்றன. ஆகவே "ட்ரெபிள் குத்துகிறது" என்று எழுதுமுன் ஹெட்போனைச் சற்று நகர்த்தி மீண்டும் கேட்க வேண்டும். கண்ணாடி அணிபவர்கள் அதைக் கழற்றியும் ஒருமுறை கேட்பது நல்லது. கண்ணாடிக் கால் பேட்டுக்கு அடியில் ஏற்படுத்தும் சிறு இடைவெளி, குறிப்பாகப் பிளானர் (தட்டையான மென்சவ்வு முழுவதும் அதிரும்) வகையில், அடி பேஸைக் கசியவிடும். சோதிப்பது எளிது: 40 ஹெர்ட்ஸ் தொனியை ஒலிக்கவிட்டு, இரண்டு கப்களையும் விரலால் மெல்ல உள்நோக்கி அழுத்த வேண்டும், பேஸ் சட்டென்று எழுந்தால், அதுவரை பேட் சரியாகப் பதிந்திருக்கவில்லை என்று பொருள்.

பேட் நைந்து தட்டையாகும்போது டிரைவருக்கும் காதுக்கும் உள்ள தூரம் குறைகிறது, ஒலியின் சமநிலையும் மாறுகிறது. "நூறு மணி நேரம் ஓடியபின் ஒலி திறந்துகொண்டது" என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு பேட் படிந்ததாலும் கேட்பவரின் காது அதற்குப் பழகியதாலும் வருவது என்பதே என் முடிவு.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானதற்கு வருவோம்: ஒலியளவு. நம் காது எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவில் உணர்வதில்லை என்பதை ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே வரைபடமாகக் காட்டினர். அதன் திருத்திய வடிவம்தான் இன்றைய ஐஎஸ்ஓ 226 தரநிலை. ஒலியைக் குறைக்கக் குறைக்க, பேஸ் மற்றப் பகுதிகளைவிட வேகமாகக் காதிலிருந்து நழுவுகிறது. தாழ்ந்த ஒலியில் கேட்டுவிட்டு "பேஸ் போதவில்லை" என்று எழுதினால், அந்தக் குறை ஹெட்போனுடையதா காதினுடையதா என்பது யாருக்கும் தெரியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டு கருவிகளுக்கிடையே ஒரு டெசிபலுக்கும் குறைவான வேறுபாடு இருந்தால், சற்று உரத்தது நமக்கு உரத்ததாகத் தோன்றுவதில்லை; தெளிவானதாகவும் உயிர்ப்பானதாகவும் தோன்றும்.

ஒரே ஹெட்போனில் இரண்டு ஆம்ப்ளிபையர்களை ஒப்பிடும்போது இந்த வலையில் விழாமலிருக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். 300 ஹெர்ட்ஸ் தொனியை ஒலிக்கவிட்டு, ஹெட்போன் இணைந்திருக்கும் நிலையிலேயே, முனைகள் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் கவனமாக மின்னழுத்தத்தை அளந்து, இரண்டிலும் 1 சதவீதத்துக்குள் சமமாக்க வேண்டும். அது ஏறத்தாழ 0.1 டெசிபலுக்குச் சமம். ஒவ்வொரு காதுக்கும் எதிரெதிரான இரண்டு சிக்னல்களை அனுப்பும் பேலன்ஸ்டு வெளியீட்டைப் புகழும் குறிப்புகளைப் படிக்கும்போது இதை நினைவில் கொள்வது நல்லது. பல ஆம்ப்ளிபையர்களில் பேலன்ஸ்டு முனை சாதாரண முனையைவிட இருமடங்கு மின்னழுத்தம் தருகிறது, அதாவது 6 டெசிபல் கூடுதல். குமிழைத் தொடாமல் பிளக்கை மட்டும் மாற்றிக் கேட்டவர் "மேடை விரிந்தது, அடி ஆழமானது" என்று வியப்பதில் வியப்பில்லை.

இரண்டு வெவ்வேறு ஹெட்போன்களை வீட்டில் இவ்வளவு துல்லியமாகச் சமப்படுத்த முடியாது. 500 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை வெட்டிய பிங்க் இரைச்சலை, அதாவது அருவி போன்ற சீரான சோதனை ஒலியை, மாறி மாறிக் கேட்டு, காதால் சமமாக்குவதுதான் நடைமுறைக்கு ஏற்ற வழி. ஒலியளவைப் பொதுவாக எங்கே வைப்பது என்பதற்கு உலகச் சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல் உதவும்: பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது.

ஆம்ப்ளிபையர் பொருத்தத்தைப் பற்றி நிலவும் பெரிய தவறான எண்ணம், மின்மறுப்பு அதிகமென்றால் ஓட்டுவது கடினம் என்பது. கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். எச்டி 650இன் மின்மறுப்பு 300 ஓம்; 1 வோல்ட்டுக்கு 103 டெசிபல் தருகிறது. இசையின் உச்சங்களில் 110 டெசிபல் வேண்டுமென்றால் 2.24 வோல்ட் தேவை. ஓடும் மின்னோட்டம் சுமார் 7.5 மில்லிஆம்பியர், செலவாகும் திறன் 17 மில்லிவாட். இப்போது ஹைஃபைமேன் எச்இ-6ஐ எடுத்துக்கொள்வோம். அது பிளானர் வகை. மின்மறுப்பு 50 ஓம்தான், ஆனால் 1 மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல் மட்டுமே தரும். அதே 110 டெசிபலுக்கு ஏறத்தாழ 450 மில்லிவாட், 4.7 வோல்ட், 95 மில்லிஆம்பியர் வேண்டும். காகிதத்தில் எளிதாகத் தெரிவதுதான் உண்மையில் இருபத்தாறு மடங்கு திறன் கேட்கிறது. ஆகவே வாங்குமுன் பார்க்க வேண்டியது மின்மறுப்பை மட்டுமல்ல, சென்சிட்டிவிட்டியையும் (கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு டெசிபல் தருகிறது என்பது) சேர்த்தே. அந்த எண் மில்லிவாட்டுக்கா வோல்ட்டுக்கா என்பதையும் கவனிக்க வேண்டும், ஏனெனில் தயாரிப்பாளர்கள் இரண்டு விதமாகவும் அச்சிடுகிறார்கள். தேவையான மின்னழுத்தமும் மின்னோட்டமும் கிடைத்துவிட்டால், அதற்குமேல் ஆம்ப்ளிபையரில் கூட்டும் வாட் எதையும் இனிமையாக்காது.

ஒலியின் நிறத்தையே ஆம்ப்ளிபையர் மாற்றுவது பெரும்பாலும் அதன் வெளியீட்டு மின்மறுப்பு வழியாகத்தான். கம்பிச்சுருள் சவ்வை அசைக்கும் வழக்கமான வகையான டைனமிக் டிரைவரின் மின்மறுப்பு எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாக இருப்பதில்லை. பெயரளவில் 300 ஓம் உள்ள எச்டி 600, 650 ஆகியவற்றில் அது 100 ஹெர்ட்ஸை ஒட்டி 500 ஓம் அளவுக்கு ஏறுகிறது. வெளியீட்டில் 120 ஓம் உள்ள டிரான்ஸ்பார்மர் இல்லாத வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிபையரில் இதை இணைத்தால், நடுப்பகுதி 2.9 டெசிபல் இறங்கும்போது அந்த மேட்டுப்பகுதி 1.9 டெசிபல் மட்டுமே இறங்குகிறது. விளைவாக, மேல் பேஸ் மற்றதைவிட ஒரு டெசிபல் உயர்ந்து நிற்கிறது. வால்வின் கதகதப்பு என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி இந்த எளிய வகுத்தல் கணக்குதான். அந்தக் கதகதப்பு பிடித்திருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். அதை ஹெட்போனின் கணக்கில் எழுதக் கூடாது, அவ்வளவுதான். பிளானர் ஹெட்போன்களின் மின்மறுப்பு ஏறக்குறைய நேர்கோடாக இருப்பதால் அதே ஆம்ப்ளிபையர் அங்கே இந்த மாற்றத்தைச் செய்யாது. நிறம் சேராமல் ஹெட்போனை மட்டும் கேட்க விரும்புபவர்கள், வெளியீட்டு மின்மறுப்பு ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குக் குறைவாக உள்ள ஆம்ப்ளிபையரைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். டிஜிட்டல் இசையை மின்சிக்னலாக மாற்றும் டிஏசி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: இரைச்சலின்றி ஒழுங்காக வேலை செய்யும் இரண்டு டிஏசிகளை, ஒலியளவைச் சமமாக்கியபின், கண்ணால் பார்க்காமல் பிரித்துச் சொல்வது மிக அரிது.

கேட்பதற்கான இசையை ஆடியோ பிரியர்கள் பரிந்துரைக்கும் பட்டியலிலிருந்து எடுக்காமல், பலமுறை கேட்டு மனத்தில் படிந்தவற்றிலிருந்து எடுப்பதே நல்லது. முதலில் தனிக் குரல். ஸகர, ஷகர ஒலிகள் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் குவிவதால், அங்கே மேடு உள்ள ஹெட்போன் பாடகரின் ஒவ்வொரு ஸகரத்தையும் விசிலாக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். பேயர்டைனமிக் டிடி 990இல் பலர் சொல்லும் கூர்மை இத்தகையதே. பின்னர், நன்றாகப் பதிவான மிருதங்கத் தனி ஒன்று. வலந்தலையில் (வலப்பக்கத் தோல்) விரல் பட்டதும் எழும் கூரிய கீறலும் அதைத் தொடரும் சுருதி சேர்ந்த நாதமும் தனித்தனியே கேட்கின்றனவா, ஒன்றுக்குள் ஒன்று புதைகின்றனவா என்று பாருங்கள். கீறல் மட்டும் தூக்கலாகி நாதம் மெலிந்தால் ட்ரெபிள் மிகை. நாதம் மட்டும் நின்று விரல் தெரியாவிட்டால் மேல்பகுதி பின்தங்கியிருக்கிறது. தொப்பியில் (இடப்பக்கத் தோல்) உள்ளங்கை அழுந்தி இழையும் கும்கி, பேஸுக்கு நல்ல சோதனை. பல டைனமிக் ஓப்பன்-பேக்குகளில் அது பருத்துக் கேட்டாலும் அடியில் வேர் இல்லாததுபோல இருக்கும், ஏனெனில் 100 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு மேடும் அதற்குக் கீழே ஒரு சரிவும் அவற்றில் பொதுவானவை. நல்ல பிளானரில் அதே இழைவு பருமன் மாறாமல் கடைசிவரை இறங்கும்.

சவுண்ட்ஸ்டேஜ், அதாவது இசை அகன்ற மேடையில் பரந்து ஒலிப்பதுபோன்ற உணர்வு, அளவுக்கு மீறிப் பேசப்படும் விஷயம். 2009இல் வந்த சென்ஹைசர் எச்டி 800, 56 மில்லிமீட்டர் வளைய டிரைவரைக் காதிலிருந்து தள்ளிச் சாய்த்து வைத்து, அகன்ற மேடைக்குப் பெயர் பெற்றது. அந்தப் பெயர் அதற்குத் தகும். ஆனால் 1 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதி தாழ்ந்திருக்கும் எந்த ஹெட்போனிலும் குரல் சற்று எட்டி நிற்பதுபோலத் தோன்றும். குரல் மங்கி எட்டிப்போவதை மேடை விரிந்ததாக எழுதிவிடாமல் இருக்க, மோனோவாகப் பதிவான ஒரு பேச்சை ஒலிக்கவிட்டுப் பாருங்கள். அது தலையின் நடுவில் ஒரு புள்ளியாக நிற்க வேண்டும். இருபுறமும் பரவினால், இரண்டு டிரைவர்களும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அல்லது ஒரு கப் சரியாக உட்காரவில்லை.

கேட்கும் கால அளவும் முடிவை மாற்றும். ஒலியின் நுட்பத்தை நினைவு சில விநாடிகளுக்குமேல் தாங்குவதில்லை என்பதால், சமநிலை வேறுபாட்டை அறிய ஒரே பத்து விநாடிப் பகுதியை உடனுக்குடன் மாற்றிக் கேட்க வேண்டும். களைப்புத் தருகிறதா என்பது அப்படித் தெரியாது; அதற்கு ஒரு மாலை முழுவதும் வேறு ஹெட்போனைத் தொடாமல் கேட்டாக வேண்டும். இரண்டு ஆம்ப்ளிபையர்களுக்கிடையே வேறுபாடு உண்டு என்று உறுதியாகத் தோன்றினால், வேறொருவரை நீங்கள் பார்க்காமல் மாற்றச் சொல்லிப் பத்து முறை ஊகித்துப் பாருங்கள். ஒன்பது சரியாக வந்தால், அது குருட்டுவாக்கில் நேர்ந்திருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 1 சதவீதம்தான். ஏழு வந்தால் எதையும் சொல்ல முடியாது.

எழுத உட்காருமுன், அதிர்வெண்வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைச் சாட்சியாக அழைக்கலாம். 8 கிலோஹெர்ட்ஸில் கூர்மை இருப்பதாகத் தோன்றினால் அங்கே 4 டெசிபல் குறைத்துக் கேளுங்கள். குறை மறைந்தால் இடம் சரி. மறையாவிட்டால் மேலும் கீழும் நகர்த்தித் தேடலாம். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் 2013 முதல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து உருவான ஹார்மன் வளைகோடு (எந்த அதிர்வெண் எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்ற இலக்கு) ஒப்பிட்டுப் பார்க்க உதவும். அது பலருடைய விருப்பத்தின் சராசரி. உங்கள் காது அதிலிருந்து விலகினால் அது குற்றமல்ல. டைனமிக் ஓப்பன்-பேக்கில் 30 ஹெர்ட்ஸைப் பெரிதாக உயர்த்தினால் உருக்குலைவும் சேர்ந்து உயரும் என்பதையும், எவ்வளவு உயர்த்துகிறீர்களோ அவ்வளவு முன்னளவை (ஈக்வலைசருக்குள் நுழையும் ஒலியின் மொத்த அளவு) குறைக்காவிட்டால் ஒலி வெட்டுப்படும் என்பதையும் மறக்கக் கூடாது.

இப்படிக் கேட்டபின் எழுதும் குறிப்பு ஏறத்தாழ இவ்வாறு இருக்கலாம்: "எச்டி 650, புது பேட், கண்ணாடி அணியாமல், வெளியீட்டு மின்மறுப்பு 1 ஓமுக்குக் குறைவான ஆம்ப்ளிபையர், பேச்சுக்குரல் அளவைவிடச் சற்று உரத்த நிலை. குரல் முன்னால் நிற்கிறது, ஸகரம் உறுத்தவில்லை. கும்கி பருமனாகக் கேட்கிறது, அடியில் குறைகிறது. 120 ஓம் வால்வு ஆம்ப்ளிபையரில் மேல் பேஸ் சற்றுக் கூடி, வலந்தலையின் கீறல் பின்வாங்கியது." இதில் இனிமை, மந்தம் என்ற சொற்கள் இல்லை, ஆனால் படிப்பவர் தமக்கு அது இனிமையாக இருக்குமா மந்தமாக இருக்குமா என்று தாமே முடிவு செய்துகொள்ளலாம். குறிப்பில் தேதியையும் எழுதி வைப்பது நல்லது: பேட் மாற்றியதும் அதே பகுதிகளை அதே ஒலியளவில் மீண்டும் கேட்டு, மாறிய வரிகளை மட்டும் கீழே சேர்த்தால் போதும்.