தோப்பில் இரண்டு குட்டிக் குதிரைகளுக்கு ஒரு கொட்டகை

கொட்டகைக்குக் கயிறு பிடிப்பதற்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு தடவை குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள். வளர்ந்த பிறகும் 34 அங்குல உயரமே உள்ள குட்டை இனக் குதிரைக்கு உலகம் அங்கிருந்துதான் தெரியும். நான் முதலில் நாலடிக்கு முன்சுவர் எழுப்பிவிட்டேன், பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது, ஆனால் இரண்டும் வெளியே எதுவும் தெரியாமல் ராத்திரி முழுக்கக் கனைத்துக்கொண்டே இருந்தன. மறுவாரமே கொத்தனாரைக் கூப்பிட்டு இரண்டரை அடியாக இறக்கினேன். இப்போது அதன் மேல் தாடையை வைத்துக்கொண்டு களத்தைப் பார்த்தபடி நிற்கின்றன.

பொள்ளாச்சிப் பக்கம் என்றால் தென்னந்தோப்பில்தான் இடம் இருக்கும். காயும் மட்டையும் விழாத இடமாகப் பாருங்கள். ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும், அதனால் மேற்குச் சுவரைக் கூரைக்கு ஓரடி கீழே வரை ஏற்றிவிட்டு, அந்த ஓரடியைக் காற்றோட்டத்துக்கு விடுங்கள். திறப்பு கிழக்கே. ஐப்பசி, கார்த்திகை மழை அந்தப் பக்கமும் சாரல் அடிக்கும் என்பதால் தாழ்வாரம் மூன்றடியாவது நீள வேண்டும்.

அளவு 10க்கு 12 அடி, இரண்டு குதிரைக்கு. (அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கும் மட்டக்குதிரை பெரும்பாலும் இந்த 34 அங்குலத்தைவிட உயரம், அதற்கு எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள்.) ஒன்றை மட்டும் வளர்க்காதீர்கள், குதிரை கூட்டத்தில் வாழும் பிராணி. வாசல் அகலம் ஆறடிக்குக் குறையக் கூடாது, ஏனென்றால் ஒன்று இன்னொன்றை விரட்டும்போது விரட்டப்பட்டது மூலையில் மாட்டாமல் வெளியே ஓடிவிட வேண்டும்.

தரையில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். சிமென்ட் வழுக்கும், குளம்புக்கும் காலுக்கும் கெடுதல். சுற்றுத் தரையைவிட முக்காலடி உயர்த்தி, கீழே ஜல்லி, மேலே கிராவல் மண் போட்டு நன்றாகத் திமிசு அடித்து, வெளிப்பக்கமாக லேசாகச் சரிவு கொடுங்கள். மூத்திரம் தேங்கினால் கிளம்பும் அமோனியா வாடை தரையோரம்தான் அதிகம், இவற்றின் மூக்கும் அங்கேதான். மணல் பரப்பினால் தீவனத்தை அதன் மேல் போடாதீர்கள், புல்லோடு மணலும் உள்ளே போய் வயிற்றுவலி வந்துவிடும்.

தூணுக்குக் கல்லுக்கால் போதும், மரமென்றால் கடித்தே தேய்த்துவிடும். கூரைக்கு நாட்டு ஓடு. தகரம்தான் கட்டுப்படியாகும் என்றால் சரி, மேலே தென்னங்கீற்றை வேய்ந்து வெயிலை மறையுங்கள். வேலிக்கு முள்கம்பி வேண்டவே வேண்டாம், 2க்கு 4 அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை கட்டினால் அந்தச் சின்னக் குளம்பு சிக்காது.

அப்புறம் அழகு. சுண்ணாம்பு அடித்து அடியில் காவிப் பட்டை தீட்டுங்கள், ஓட்டுச் சிவப்புக்கு அது அவ்வளவு பொருந்தும். வாசலுக்கு ஒரு மல்லிகைப் பந்தல் போடலாம். ஆனால் பூவுக்காக அரளி மட்டும் வைத்துவிடாதீர்கள்! கொஞ்சம் இலை தின்றாலே குதிரை செத்துப்போகும், காய்ந்த இலையிலும் விஷம் போகாது. எங்கள் வேலியோரம் இருந்த இரண்டு அரளியையும் வேரோடு பிடுங்கி, உதிர்ந்த சருகை ஒன்றுவிடாமல் பொறுக்கின பிறகுதான் குதிரைகளை அவிழ்த்துவிட்டேன்.